எடை குறைந்தால் உதை கூடும்
வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடை போட்டுவிட்டது. மூலக்குளம் ஊர்ப் பிள்ளைகள் ரைஃபிளைத் தொடுவது பெரும்பாலும் என்.சி.சி. முகாமில்தான். அங்கே எடையைப் பற்றி அவசியம் சொல்லித்தர வேண்டும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை பாதியானால், தோளில் இறங்கும் உதையின் ஆற்றல் இரண்டு மடங்கு. துப்பாக்கிக் கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பதித்தால் உடம்பும் சேர்ந்து தாங்கும். இடைவெளி விட்டால் எலும்பில் அடி. .22 ரைஃபிளில் உதை தெரியாது என்றாலும் பழக்கம் அங்கேயே வர வேண்டும். அதற்காகக் கனம்தான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஆட்கொல்லியான சௌகர் பெண்புலியை 1930இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் இலகுவான ரைஃபிளால் ஒற்றைக் கையில் சுட்டார். இடக்கையில் பறவை முட்டைகள். அங்குலம் அங்குலமாகத் திருப்பி நீட்டிய கை, பாரத்தில் தளரத் தொடங்கிய பிறகே குறி கூடியது. யானை வேட்டைக்கான கனத்த துப்பாக்கியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.