கரும்பலகையை வாட்ஸ்அப்புக்கு மாற்றினால் போதுமா?

2020 மார்ச்சில் கொரோனாவினால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறைகள் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்தன. என் தங்கையின் மகள் அப்போது ஒன்பதாந் தரம். ரீச்சர் குறிப்பைப் படமெடுத்து அனுப்புவார். இவள் அதைக் கொப்பியில் எழுதி, படமெடுத்துத் திருப்பி அனுப்புவாள். குழுவில் நாற்பது பேர் இருந்தும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்ததில்லை. தம் கைக்காசில் டேட்டா போட்ட அந்த ரீச்சரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அது கரும்பலகையின் இடமாற்றமே தவிர வேறல்ல.

கூடி எழுதிக் கற்பது வேறு. அதற்கு 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியா நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாணவர் ஐவரிடம் தம் ஊர் பற்றிய கட்டுரையை ஒப்படைத்துப் பாருங்கள். ஊர்க்குளத்தை இன்ன அரசன் வெட்டினான் என்று அம்மம்மா சொன்னதை ஒருவன் எழுதுவான். ஆதாரம் எங்கே என்று முன்பின் அறியாத ஒருவர் கேட்பார். வெளியான சான்று காட்டாவிட்டால் அவ்வரி நீக்கப்படலாம். பையன் பாடசாலை மலரையும் கும்பாபிஷேக மலரையும் தேடிப் புறப்படுவான். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவான். அம்மம்மா சொன்னது எங்குமே இல்லாமற் போகலாம். கேட்டதற்கும் நிறுவியதற்கும் உள்ள இடைவெளியை அந்த ஏமாற்றத்தைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லித்தரும்?

நான் பத்திரிகைக்குப் புதியவனாக இருந்தபோது செய்தி ஆசிரியர் என் பிரதியைச் சிவப்பு மையால் கீறித் தள்ளுவார். காரணம் கேட்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. விக்கியிலோ யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். உரையாடற் பக்கத்தில் காரணமும் கேட்கலாம். ஒருவர் உழைக்க நால்வர் பெயர் போட்டுக்கொள்ளும் நம் குழுவேலை அங்கே செல்லுபடியாகாது.

இதைச் சொன்னபோது ஆசிரிய நண்பர் ஒருவர், "பரீட்சைக்கு வருமா?" என்று சிரித்தார். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்றை வைத்திருக்கிறோமே, அது பின் எதற்காம்?

பெற்றோரின் அச்சத்தை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். பிள்ளைகள் சொந்தப் பெயரையோ படத்தையோ அங்கு இட வேண்டியதில்லை, புனைபெயர் போதும். முதன்முதலில் பத்திரிகையில் எழுதியபோது நானும் அப்படித்தான் எழுதினேன்.