கேபிள் ஒண்ணு, குணம் வேற!

புது போன் ரிலீஸ்னா ராத்திரி தூங்காம ஸ்பெக்ஸ் படிக்கிற கேஸ் நான். 2023 செப்டம்பர்ல ஐபோன் 15 டைப்-சியோட வந்தப்ப துள்ளிக் குதிச்சேன். ஐரோப்பிய யூனியன்லயும் 2024 டிசம்பர் 28 முதல் புது போன்களுக்கு டைப்-சி கட்டாயம்னு ஆயிடுச்சு. அப்புறமென்ன, ஹாஸ்டல் முழுக்க ஒரே கேபிள்!

அந்த நினைப்புல விழுந்தது மண். புராஜெக்ட் சப்மிஷன் அஞ்சு மணிக்கு. நாலு மணிக்கு ரூம்மேட்கிட்ட டைப்-சி கேபிள் கடன் வாங்கி, 200 ஜி.பி. வீடியோவை டிஸ்க்ல ஏத்தினேன். அது ஆமை மாதிரி நகருது! பார்த்தா, அது சார்ஜ் போடுற யு.எஸ்.பி. 2.0 கேபிள். நொடிக்கு 480 மெகாபிட்தான். கணக்குப்படியே 55 நிமிஷம். நிஜத்துல அதுக்கும் மேல. 10 ஜிகாபிட் கேபிளா இருந்தா கணக்குக்கு மூணு நிமிஷம்கூட ஆகாது. லேட்டானதுல மார்க் போனது எனக்கு மட்டுமில்ல, டீம்ல இருந்த மூணு பேருக்கும்தான். இன்னும் அவங்க முகத்தைப் பார்க்கக் கூசுது.

அதனால மக்களே, கடையில ரெண்டு நம்பரைப் படிங்க. வாட், சார்ஜுக்கு, ஜிகாபிட், டேட்டாவுக்கு. 240 வாட் தாங்குற கேபிள்கூட டேட்டாவுல 480 மெகாபிட்டா இருக்கலாம். போனையும் பாருங்க: ஐபோன் 15-க்கு யு.எஸ்.பி. 2.0 வேகம்தான், 10 ஜிகாபிட் 15 ப்ரோவுக்குத்தான்.

ஒரே யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாம் ஒரே மார்க்கா வாங்குறாங்க?