ஓட்டன் எங்கே பிறந்தார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி ஒருவர்)

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டு சொல்லும். மிராசுதாரர்களின் வரலாற்றைப் பத்திரம் சொல்லும். கூலிக்காரனின் வரலாற்றை எது சொல்லும்? இந்தக் கேள்வி சென்ற ஆண்டு ஒரு சாதிச் சான்றிதழின் வடிவில் என் முன்னால் வந்து நின்றது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சான்றிதழ் கேட்டுப் போன அலுவலகத்தில், "உங்க தாத்தா சிலோன்லேர்ந்து வந்தவர்தானே? அவரோட பழைய பேப்பரெல்லாம் கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை அலைந்தேன். அந்த அலைச்சலைப் பற்றி எழுத நான் வரவில்லை. அதன் புண்ணியத்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த தகரப் பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1974இல் தாத்தாவும் அப்பாயியும் மூன்று வயதுப் பிள்ளையான என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது வைத்திருந்த பாஸ்போர்ட்டு அதில் இருந்தது. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு மறுப்புக் கடிதம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த மரணச் சான்றிதழ் ஒன்று. அது தாத்தாவின் தாத்தாவுடையது, அதாவது என் ஓட்டனுடையது. இறந்த ஆண்டு 1946. வயது 70. இனம் இந்தியத் தமிழர். பிறந்த ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு சொல் இல்லாததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்பீர்கள். குடிதான் முழுகியது! 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அந்த மண்ணிலேயே பிறந்தவராக இருந்தாலும், வம்சாவளியால் குடிமகன் ஆவதற்கு அவருடைய தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். என் பூட்டன் அந்த மலையில்தான் பிறந்தார். ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அவருடைய அப்பாவான ஓட்டன் எங்கே பிறந்தார்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூலி ஒருவரின் பிறப்புக்குச் சாட்சி காட்டு என்று, கைநாட்டு வைக்கிற அவருடைய மகனிடம் ஒரு நாடு கேட்டது. அவர் எதைக் காட்டுவார்?

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வசித்த காலத்தைச் சொல்லி மீண்டும் விண்ணப்பித்தார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. கிடைக்காதவர்களில் ஒருவருக்கு வந்த கடிதம்தான் எங்கள் பெட்டியில் இருப்பது. பிறகு 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் தாத்தாவும் ஓர் எண்.

பெட்டி கைவிட்ட இடத்தில் வாய்களைத் தேடிப் போனேன். இரண்டு கதைகள் கிடைத்தன.

சின்னத் தாத்தா சொல்வது ஒன்று. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78இல், துறையூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் கைக்குழந்தையான ஓட்டனைக் கூடையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தார்களாம்.

அப்பாயி இதை ஒப்புக்கொள்வதில்லை. தன் மாமியார் சொல்லக் கேட்டதாக அவர் சொல்வது வேறு. "பஞ்சத்துக்கு முன்னாடியே போயிட்டாங்க தாயி. அது கோப்பிக் காலம். எலைக்கு அடியில மஞ்சமஞ்சளாப் பொடி புடிச்சு, எல எல்லாம் கொட்டிப் போச்சாம். தொரைமாரு தலையில கை வச்சு உக்காந்துட்டாங்களாம். அப்பத்தான் லயத்துல பொறந்தாரு உங்க ஓட்டன்."

கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்! காப்பித் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சை. தேர்வுக்காக நான் உருப்போட்ட பெயர். இலங்கையில் அது 1869இல் கண்டறியப்பட்டது. அதன் பின் சுமார் இருபது ஆண்டுகளில் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி அதை ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயரின் பெயர் தாவர நோயியல் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. அந்த இலைகளுக்கு நடுவே நின்று வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

என் தோழி ஒருத்தி மடக்கினாள். "கூடலூரிலும் காப்பித் தோட்டம் இருக்கிறது, துரு நோயும் இருக்கிறது. உன் அப்பாயி இங்கே பார்த்ததை அங்கே ஒட்டிச் சொல்லியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. வந்து ஐம்பது ஆண்டாகிவிட்ட அப்பாயி இப்போது குடிப்பதையும் பறிப்பதையும் "காப்பி" என்றே சொல்கிறார். இந்தக் கதையில் மட்டும் "கோப்பி" என்கிறார். கதை அக்கரையிலிருந்து வந்தது என்பதற்கு எனக்கு இது போதும். மெய்ப்பித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சான்றிதழில் உள்ள 70கூட யாரோ ஒரு கிளார்க்கு குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். வயது தெரியாதவர்களுக்கு அறுபது, எழுபது என்று முழு எண் எழுதுவது வழக்கம்தானே. மேலும், ஓட்டன் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அப்படியானால் எங்களுக்கு இழைக்கப்பட்டது அப்பட்டமான அநியாயம் என்றாகும் அல்லவா? அந்த ஆசையையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்த எல்லாருக்கும் இந்த நிலை இல்லை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியலில் எண் உண்டு. தகப்பன் பெயரும் சொந்த ஊரும் உண்டு. ஒப்பந்தம் போட்டு அழைத்துச் சென்றதால் எழுதி வைத்தார்கள். இலங்கைக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. கங்காணி முன்பணம் கொடுப்பார், பின்னால் நடப்பார்கள். ஆனால் கடனை மட்டும் யாரும் மறக்கவில்லை. ஆள் தோட்டம் மாறினால் அடைக்க வேண்டிய தொகையை எழுதிய "துண்டு" கூடவே போகும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. பிறந்ததை எழுதி வைக்காதவர்கள் பட்ட கடனைப் பைசா சுத்தமாக எழுதி வைத்தார்கள்!

ஆகவே வாய்மொழியை ஆவணமாக ஏற்க வேண்டும் என்பது என் துணிபு. கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இலையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்துத்தான். காகிதம் எழுதும் உரிமை ஒரு சாராரிடம் இருந்தபோது, காகிதம் இல்லை என்று மறு சாராரைக் குற்றம் சொல்வது என்ன நீதி? 2003இல் இலங்கையே வேறொரு சட்டம் கொண்டு வந்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமைக்கு வழி செய்தது. யாருடைய ஓட்டன் எங்கே பிறந்தார் என்று அது கேட்கவில்லை. அதற்குள் நாங்கள் கூடலூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் வகுப்புகளில் என்னைப்போல் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் செல்லரிக்கும் அட்டைகள் இருக்கும். அவற்றின் நகல்களைத் திரட்டி வைக்க நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் என்ன? நான் என் பங்குக்கு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அப்பாயி பேசுவதைச் செல்பேசியில் பதிவு செய்கிறேன். அவருக்குக் காது மந்தமாகி வருகிறது. ஒரு கேள்வியை மூன்று முறை கத்த வேண்டியிருக்கிறது. ஓட்டனுடைய அம்மாவின் பெயரை இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

சாதிச் சான்றிதழ் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அதற்கான விண்ணப்பத்தில் "பூர்வீகம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன்; அவர் அப்பாயியைப் பார்த்தார். அப்பாயி "மாத்தளை" என்றார். நான் "துறையூர்" என்று எழுதிக் கொடுத்தேன். துறையூரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.