ஓசையின்றி நுழையும் பூஞ்சணம்

மாரிகாலத்திலே ஊறுகாய்ச் சாடியைத் திறக்கும் இல்லத்தரசி, அதன்மேல் வெண்பஞ்சு போலப் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தைக் கண்டு முகஞ்சுளிப்பாள். நாட்பட்ட பாணிலும், ஈரம் உலராத சப்பாத்திலும், பழைய புத்தக அட்டையிலும் அதனை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அண்மையில் வகுப்பிலே பாணிற் படர்ந்த பூஞ்சணத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “இதன் வித்திகள் காற்றிலே மிதக்கின்றன என்றீர்கள், ஐயா. நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கும் நமக்கு ஏன் நோய் வருவதில்லை?” என்று வினாவினான். நல்ல வினா. இவ்வாரம் அதற்கு விடை காண முயல்வோம்.

நம் உடலுக்குக் காவல் இரண்டு உண்டு. ஒன்று, உடலின் வெப்பம். பூஞ்சணங்களிற் பெரும்பாலானவை 37 பாகை வெப்பத்திலே செழித்து வளரமாட்டா. மற்றையது, குருதியிலுள்ள வெண்கலங்கள். அவை சுவாசப்பையினுள் நுழையும் வித்திகளை விழுங்கி அழித்துவிடுகின்றன. எனவே நலமுள்ள ஒருவர் நூற்றுக்கணக்கான வித்திகளைச் சுவாசித்தும் அதனை அறியாமலே வாழ்கின்றார். ஆனால் புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுபவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர், எச்.ஐ.வி. கிருமியால் நலிந்தவர், கட்டுப்படாத நீரிழிவுடையவர், நெடுநாள் ஸ்டீரொயிட் மருந்து உட்கொள்பவர் ஆகியோரிடத்திலே இக்காவல் தளர்ந்துவிடுகின்றது.

வைத்தியருக்கு நேரும் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. காய்ச்சல், வீக்கம், சீழ் என்று நாம் நோயின் குறிகளாகக் கருதுவனவற்றுட் பல, உண்மையிலே உடல் எதிர்த்துப் போரிடுவதன் குறிகளாகும். போர்வீரர் இல்லாத கோட்டையிலே போர் முழக்கம் எழுமா? நலிந்த உடலினுள் பூஞ்சணம் ஓசையின்றி நுழைகின்றது. சிறு இருமல், மெல்லிய தலையிடி, தணியாத காய்ச்சல் ஆகியவற்றுக்கு மேல் வேறு குறி தோன்றாமலே இருத்தல் கூடும். ஆகவே, ‘பூஞ்சணமாக இருக்குமோ’ என்ற ஐயம் வைத்தியரின் உள்ளத்திலே முதலில் எழவேண்டும். வெண்கலங்கள் மிகக் குறைந்த நோயாளிக்கு, பக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை நான்கைந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் தணியாவிடின், தேர்ந்த வைத்தியர் பூஞ்சணத்தைத் தேடத் தொடங்குவர்.

தேடும் வழிகள் மூன்று: கண்ணாற் காணல், வளர்த்துப் பார்த்தல், விட்டுச்சென்ற சுவட்டை அறிதல்.

முதலாவதற்குக் கிரிப்டோகொக்கசு என்னும் மதுவம் நல்லதோர் உதாரணமாகும். புறாவின் எச்சத்திலே பெருகும் இது, எச்.ஐ.வி. நோயாளரின் மூளையுறைகளைத் தாக்குகின்றது. தலையிடி வாரக்கணக்கிலே மெல்ல மெல்ல வளரும். முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரோடு ஒரு துளி கறுப்பு மையைக் கலந்து நோக்கினால், இருண்ட வானிலே நிலாவைச் சூழும் பரிவேடம் போல, ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்து ஒளிவட்டம் தோன்றும். அது அக்கலத்தின் தடித்த உறையேயாகும். கலங்கள் மிகக் குறைவாயின் இச்சோதனையிலே தப்பிவிடுதலும் உண்டு. எனவே இந்நாளிலே மூன்றாம் வழியைக் கைக்கொள்கின்றனர். அவ்வுறையின் பொருள் கரைந்து குருதியிலே கலந்திருப்பதை ஒரு சிறு காகிதப்பட்டி ஏறத்தாழப் பத்து நிமிடத்திலே காட்டிவிடும். மூளையைத் தாக்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே இச்சுவடு குருதியிலே தோன்றுவதால், அதனைக் கண்டு சிகிச்சை தொடங்கின் உயிர் காக்கலாம்.

இனத்தை அறிவது ஏன் இன்றியமையாதது? 2021 ஆம் ஆண்டிலே இந்தியாவிற் கொரோனா நோயுற்ற பல்லாயிரவரைக் ‘கறுப்புப் பூஞ்சணம்’ பற்றிக்கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் நீரிழிவுடையோர். ஸ்டீரொயிட் மருந்து பெற்றோர். கறுப்பு என்பது பூஞ்சணத்தின் நிறமன்று. குருதிக் குழாய்களை அடைத்து அது கொன்றுவிட்ட தசையின் நிறமேயாகும். நுணுக்குக்காட்டியிலே இதன் இழைகள் அகன்ற நாடா போன்று, குறுக்குச் சுவர்கள் அரிதாய்த் தோன்றும். அசுபர்சில்லசு என்னும் மற்றொரு பூஞ்சணத்தின் இழைகளோ மெல்லியவை. குறுக்குச் சுவர்கள் நிறைந்து, கூர்ங்கோணத்திலே கிளைப்பவை. அசுபர்சில்லசைக் கொல்லும் வொரிகொனசோல் என்னும் மருந்து கறுப்புப் பூஞ்சணத்தை ஒன்றுஞ் செய்யாது. தவறாக இனங்கண்டால் மருந்தும் வீண், நாட்களும் வீண். அந்நாட்களுக்குள் நோய் மூக்கிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் ஏறிவிடும்.

வளர்த்துப் பார்க்கும் வழியும் குறையற்றதன்று. சில பூஞ்சணங்கள் வளர வாரங்கள் செல்லும். 2009 ஆம் ஆண்டிலே யப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதல் விவரிக்கப்பட்ட கண்டிடா ஓரிசு என்னும் மதுவத்தைப் பழைய சோதனை முறைகள் வேறோர் இனமெனப் பிழையாகக் கூறிவிடுவதுண்டு.

சிலவேளை பூஞ்சணமே நலிவைக் காட்டிக்கொடுக்கும் தூதனாகவும் அமைகின்றது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆந் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே முன்னர் நலமாயிருந்த இளைஞர் ஐவருக்கு நியூமோசிசுடிசு என்னும் அரிய சுவாசப்பை நோய் கண்டதென்று அரசாங்கச் சுகாதார வெளியீடு ஒன்று அறிவித்தது. காவல் தளர்ந்த உடலிலன்றி அந்நோய் வருவதில்லை. அவ்வாறாயின் இவர்களுடைய காவலைத் தளர்த்தியது யாது? அவ்வினாவே எயிட்சு நோயை உலகம் அறிவதற்கு வாயிலாயிற்று. அக்காலத்திலே பிராணி வகையெனக் கருதப்பட்ட அவ்வுயிரி பங்கசு இனத்ததே என்பது 1988 ஆம் ஆண்டிற்றான் தெளிவாயிற்று.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளையின் முதுகிலே தேமலைக் கண்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. அது வேறு; இது வேறு. ஆனால் வீட்டிலே நலிந்தவர் ஒருவர் இருப்பின் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். முகத்தின் ஒருபக்கத்து வலி, மூக்கிலிருந்து கருநிற நீர், காரணமின்றி ஆடும் பல், இரட்டையாய்த் தெரியும் பார்வை, நாள்தோறும் கூடும் தலையிடி, தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ‘நாளை பார்க்கலாம்’ என்று இராது அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். நீரிழிவு உண்டு, இன்ன மருந்து உண்ணுகின்றார், இன்ன சிகிச்சை பெற்றார் என்பவற்றை மறையாது கூறவேண்டும். வைத்தியரின் உள்ளத்திலே அந்த முதல் ஐயத்தை எழுப்புவது பெரும்பாலும் வீட்டார் சொல்லும் அச்சொற்களேயாகும்.

மாணவனுக்கு நாம் கூறிய விடையும் இதுவே: காற்றிலே வித்திகள் என்றும் உள்ளன, நம்மைக் காப்பது அவற்றின் இன்மையன்று, நம் உடலின் விழிப்பேயாகும். உடல் அவ்விழிப்பை இழந்தபோது, அருகிலிருப்போர் அதற்காக விழித்திருத்தல் வேண்டும்.