தலையெழுத்தை மாற்றலாமா?

பிரம்மதேவன் ஒவ்வொருவர் தலையிலும் ஏதோ எழுதி அனுப்புகிறான் என்பது நம் நாட்டாரின் நெடுநாளைய நம்பிக்கை. மயிர் மூடியிருப்பதால்தான் அந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. முழு வழுக்கை விழுந்தவர்களின் தலையிலுங்கூட ஓர் எழுத்தையும் காணோம். இப்போதோ, பிரம்மதேவன் வெறுமையாக விட்ட இடத்தில், ஊசியைக் கொண்டு புள்ளி புள்ளியாக எழுதிக் கொடுக்க மனிதர்களே புறப்பட்டுவிட்டார்கள். இந்த வித்தைக்கு 'ஸ்கால்ப் மைக்ரோபிக்மெண்டேஷன்' என்று பெயர். பெயர்தான் நீளமே தவிர, விஷயம் நமக்கு முற்றிலும் புதிதன்று. நம் பாட்டிமார் முன்னங்கையில் கோலமாகப் பச்சை குத்திக் கொண்டார்கள் அல்லவா? அந்தப் பச்சை கையை விட்டுத் தலைக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வழுக்கை என்றால் சிரிப்பதற்குரிய விஷயம் என்று நாம் தீர்மானித்து வைத்திருக்கிறோம். ஆனால் இருபத்தைந்து வயதில் நெற்றி மேலே ஏறத் தொடங்கிய வாலிபனுக்கு அது சிரிப்பாயிராது. புகைப்படம் எடுக்கும் போதெல்லாம் அவன் பின்வரிசைக்கு நகருகிறான். பெண் பார்க்கப் போகுமுன் கண்ணாடியின் முன்னால் அரை மணி நேரம் சீப்புடன் போராடுகிறான். இதற்காக அவனை ஏளனம் செய்வது நியாயமன்று. ரோமாபுரியை ஆட்டிவைத்த ஜூலியஸ் ஸீஸரே பின்தலை மயிரை முன்னால் வாரிவிட்டு வழுக்கையை மறைத்தான் என்றும், ஸெனட் சபை அளித்த மரியாதைகளுக்குள் எந்நேரமும் வெற்றிமாலை சூடும் உரிமையையே மிகவும் விரும்பினான் என்றும் சரித்திர ஆசிரியர் ஸுவட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கையின் காரணத்தை 1942-ல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற உடற்கூற்று நிபுணர் விளக்கினார். பருவம் அடையுமுன் விரை நீங்கியவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. ஆனால் பரம்பரையில் வழுக்கை உள்ள அத்தகையவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு நீரைச் செலுத்தினால் மயிர் உதிர ஆரம்பிக்கிறது என்று அவர் கண்டார். ஆகவே, இது பரம்பரையும் சுரப்பு நீரும் கூடிச் செய்யும் காரியம். தொப்பியையும் தண்ணீரையும் எண்ணெயையும் வீணாகக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆயினும், உதிரும் மயிரெல்லாம் வழுக்கைக்கு அறிகுறி என்று நினைப்பதும் தவறு. மனிதன் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சலோ பிரசவமோ ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பிறகு தானாகவே முளைப்பதும் உண்டு. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும், தைராய்டு சுரப்பி கோளாறு செய்தாலும் மயிர் கொட்டும். வட்ட வட்டமாக உதிரும் 'புழுவெட்டு' என்பது புழுவின் வேலையே அன்று. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி மயிர்க்கால்களையே பகைவராக எண்ணித் தாக்குவதால் வருவது. இவற்றிற்கெல்லாம் வைத்தியம் வேறு. திரும்ப முளைக்கப் போகும் மயிருக்குப் பதிலாகப் புள்ளி குத்திக்கொள்வது, ஊருக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் அவருடைய படத்துக்கு மாலை போடுவது போலாகும். ஆகையால் ஊசிக்காரரிடம் போகுமுன் சரும வைத்தியரிடம் போவது முதற் கடமை.

சாதாரண வழுக்கைதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பிறகு பார்க்க வேண்டிய வழிகள் சில. இரத்தக் கொதிப்புக்காக ஏற்பட்ட மினாக்ஸிடில் என்னும் மருந்து மயிரை வளர்ப்பது தெரிந்து, தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் 1988-ல் அங்கீகாரம் பெற்றது. உள்ளுக்குச் சாப்பிடும் பினாஸ்டெரைடு 1997-ல் வந்தது. இரண்டும் பயன்படுத்தும் வரையிலேதான் பலன் தரும். நிறுத்தினால் மயிரும் விடை பெற்றுக்கொள்ளும். பினாஸ்டெரைடு சிலருக்கு இல்லற சுகத்தில் குறை உண்டாக்குவதால் வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. பின்தலை மயிர்க்கால்களைப் பெயர்த்து முன்னால் நடும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. பின்னால் போதிய மயிர் இருந்தால்தான் அது கூடும்.

இவை ஒன்றுக்கும் இசையாதவர்களுக்கே நாம் எடுத்துக்கொண்ட வித்தை பெரும்பாலும் ஏற்றது. மிக நுண்ணிய ஊசிகளால் தோலின் மேற்பகுதியில் சாயத்தைச் செலுத்தி, மழித்த மயிரின் அடிக்கட்டை போல் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வைக்கிறார்கள். ஒரே நாளில் முடியாது. சில நாட்களோ வாரங்களோ இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் உட்கார வேண்டும். ஊசி அளவுக்கு மேல் ஆழ்ந்துவிட்டால் புள்ளி பரவிப் பெருத்துப் போகும். கரிய மை தோலுக்குள்ளிருந்து நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுவதும் உண்டு. பாட்டியின் கையில் நாம் பார்த்தது அந்த நிறந்தானே?

இங்கேதான் நேயர்கள் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்தப் புள்ளிகளினால் ஒருவர் மயிர் உள்ளவராகத் தோன்றுவதில்லை. இருக்கும் மயிரைத் தாமே விரும்பி ஒட்டக் கத்தரித்துக் கொண்டவராகத் தோன்றுகிறார். எஞ்சியிருக்கும் மயிரைச் சில நாட்களுக்கொரு முறை மழித்துக்கொண்டே இருந்தால்தான் வேஷம் நிலைக்கும். ஆகவே, பணம் கட்டுமுன் நாவிதரிடம் சென்று, தலையை ஒட்டக் கத்தரித்துக்கொண்டு ஒரு மாதம் நடமாடிப் பார்க்கும்படி யோசனை சொல்வோம். அந்தத் தோற்றம் பிடிக்கவில்லையென்றால் புள்ளிகளாலும் பயனில்லை. பிடித்துவிட்டாலோ, ஒருவேளை புள்ளிகளே தேவைப்படாமற் போகலாம்!

வேறு சிலருக்கு இதனால் மெய்யான நன்மை உண்டு. வகிடு அகன்று உச்சந்தலை வெளுத்துத் தெரியும் ஸ்திரீகள் மயிரை நீளமாகவே வைத்துக்கொண்டு, அதனிடையே தெரியும் தோலை மட்டும் கருமையாக்கிக் கொள்ளலாம். தலையில் அறுவைத் தழும்போ தீக்காயத் தழும்போ உள்ளவர்களுக்கும் அது மறைவது பெரிய ஆறுதல். பச்சை குத்துவதை வைத்தியத்துக்குப் பயன்படுத்துவதும் புதுமையன்று. கருவிழியில் விழுந்த வெள்ளையை மறைக்க மை குத்தும் முறையைப் பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் லூயி டி வெக்கர் 1869-லேயே கையாண்டார்.

இனி எச்சரிக்கைகள். இருபத்தைந்து வயதில் புருவத்துக்கு அருகே இறக்கி வரையச் சொன்ன நெற்றிக் கோடு, அறுபது வயதில், சுருங்கிய முகத்தின்மேல் அப்படியே நிற்கும். சுற்றியுள்ள மயிர் நரைக்கும், புள்ளிகள் நரைப்பதில்லை. சாயம் சில ஆண்டுகளில் மங்குவதால், மறுபடியும் பணம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மனம் மாறி அழிக்க விரும்பினால் லேஸர் ஒளியால் பல தடவை சுட வேண்டும். தூய்மையற்ற ஊசி மஞ்சட்காமாலை போன்ற கொடிய நோய்களைக் கொண்டுவரக் கூடும். சாயம் சிலர் உடம்புக்கு ஒவ்வாமற் போவதும் உண்டு. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து இலாகா, தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த வர்ணத்தையும் அங்கீகரித்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊசி புதியதா, சாயத்தில் என்ன இருக்கிறது, ஐந்து ஆண்டுக்கு முன் செய்துகொண்டவரின் தலை இன்று எப்படி இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் விடை கூறாதவரிடம் தலையைக் கொடுக்கலாகாது.

கடைசியாக, கலியாண விஷயம். வரன் புள்ளி குத்திக்கொண்டது குற்றமாகாது. கண்ணுக்கு மை தீட்டுவதையும் நரைக்குச் சாயம் பூசுவதையும் ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு இதில் கோபிக்க என்ன இருக்கிறது? ஆனால் மணக்கப் போகும் பெண்ணுக்குத் தெரியாமல் செய்து மறைத்து வைப்பது மட்டும் நன்றன்று. ஒரே வீட்டில் வாழப் போகிறவளிடம் தலையை எத்தனை நாள் மறைக்க முடியும்? முன்கூட்டியே சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்ட பெண் அநேகமாகச் சிரித்துவிட்டு, "உத்தியோகம் எந்த ஊரில்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.