படகுக்காரனுக்கு எதுக்கு நெட்டு?

"ஜாலிக்காகத்தானே படகில் இருக்கிறார்கள், அதில் நெட் வேறு கேட்கிறதா?" இங்கிலாந்துக் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டவர்களைப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் கொஞ்சம் சட்டத்தையும் புரட்டலாம்.

படகு கட்ட நிரந்தர இடம் இல்லாதவர், தக்க காரணமின்றி ஒரே இடத்தில் 14 நாளைக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம். சரி, நகர்கிறார்கள். நகரும் வீட்டுக்கு எந்தக் கம்பெனி கேபிள் இழுக்கும்?

மிச்சம் செல்போன் சிக்னல்தான். ஏழடி அகலப் படகைச் சுற்றி எஃகுத் தகடு; சிக்னல் உள்ளே வரவே யோசிக்கும். கூரையில் ஆன்டெனா வைத்து, வயரை இறக்கி, சிம் போட்ட ரவுட்டரில் செருகினால் ஓரளவு தேறும். ஒரு கம்பெனி எடுக்காத ஊரில் இன்னொன்று எடுக்கும் என்று ரெண்டு சிம், ரெண்டு பில். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் ஓடும் கால்வாயில் சில சமயம் ரெண்டுமே அவுட்! ஸ்டார்லிங்க் வாங்கலாமே என்பார்கள். அதற்குத் திறந்த வானம் வேண்டும், கரையெல்லாம் மரம். டிசம்பர் வெயிலை நம்பிய சோலார் பேட்டரி அதற்கு எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஆடம்பரம் என்று ஒதுக்கலாம்தான், அரசாங்கம் சும்மா இருந்திருந்தால். யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், அதிகாரிக்குப் பதில் போடுவதும் பெரும்பாலும் இணையத்தில்தான். நிற்காதே என்கிறது ஒரு சட்டம், எப்போதும் லைனில் இரு என்கிறது இன்னொரு துறை. போதாக்குறைக்கு, 2024 ஏப்ரல் முதல் இப்படி நகர்கிறவர்களுக்கே உரிமக் கட்டணத்தில் கூடுதல் வசூல். அந்தக் காசில், தண்ணீர் பிடிக்கும் குழாயடிகளிலாவது ஒரு வைஃபை கம்பம் நட்டால் என்ன குறைந்துவிடும்?