பழிவாங்குகிற கதைதான், பெண்ணிடம் கொடுங்கள்!

பழிவாங்குகிற கதைகளைப் பெண் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா, மனசு கெட்டுப் போகாதா என்று தாய்மார்கள் சிலர் கேட்கிறார்கள். அது எந்தக் கதை என்பதைப் பொறுத்தது. ஒரு கதையை மட்டும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற எல்லாப் பெண்களிடமும் தைரியமாகக் கொடுக்கலாம் என்பேன்.

'சுல்தானாவின் கனவு' என்று பெயர். வங்காளத்தில் பர்தாவுக்குள்ளேயே வளர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய விஞ்ஞானக் கதை. 1905-ல் இதை வெளியிட்டது யார் தெரியுமோ? நம்ம சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்தி வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'! விஞ்ஞானக் கதை என்றாலே சுஜாதாதான் என்றிருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

சுல்தானா நாற்காலியில் சாய்ந்தபடி கண் அயர்கிறாள். டார்ஜிலிங்கில் கூட உலாவிய தோழி சாராவைப் போல ஒருத்தி வந்து வெளியே அழைத்துப் போகிறாள். பட்டப்பகல். தெருவில் ஓர் ஆண்கூட இல்லை. எல்லோரும் வீட்டுக்குள், திரைக்குப் பின்னால்! சூரிய வெப்பத்தில் சமையல், அடுப்பில் புகையே இல்லை. மேகத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயத்தில் மின்சாரத்தில் ஓடும் ஆகாய வண்டி வேறு.

அந்த நாட்டு ராணி பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் வைக்கிறாள். 21 வயசுக்கு முன் கல்யாணம் கூடாது என்கிறாள். (நம் சட்டத்தில் இன்றும் 18 தான்.) பெண்கள் ஆராய்ச்சி செய்வதைப் பார்த்துச் சிரித்த ஆண்கள், சண்டை வந்ததும் தோற்றுப் போகிறார்கள். அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கல்லூரித் தலைவி 2000 மாணவிகளோடு புறப்படுகிறாள். சேர்த்து வைத்த சூரிய வெப்பத்தை எதிரி மேல் திருப்பினதும் அத்தனை பேரும் ஓட்டம்! கத்தி இல்லை, டி.வி. சீரியலில் வருகிற மாதிரி விஷப் பாட்டில் இல்லை. உள்ளே போன ஆண்கள் போனவர்கள்தான்.

பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்த அவர் கணவர் இதை நின்றபடியே படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். மனைவியை எழுதச் சொல்லி உற்சாகப்படுத்தியவரும் அவரேதான். அவர் இறந்தபின் 1909-ல் ரொக்கேயா ஐந்து பிள்ளைகளோடு பெண்கள் பள்ளி தொடங்கினார். பிறகு 1911-ல் அது கல்கத்தாவுக்குப் போனது.

கதையில் என்னை உலுக்கிய இடம் வேறு. வெளியே ஆபத்து, அதனால்தான் பெண்கள் வீட்டுக்குள் இருக்கிறோம் என்கிறாள் சுல்தானா. அப்படியென்றால் ஆபத்து பண்ணுகிறவனை அல்லவா உள்ளே வைக்கணும் என்பது சாராவின் வாதம்.

ஏற்காட்டில் சனி, ஞாயிறு வந்தாலே, மே மாசக் கோடை விழா என்றால் கேட்கவே வேண்டாம், "ஏரிப் பக்கம் போகாதே, குடிச்சிட்டு வர்றவனுங்க இருப்பானுங்க" என்று நம் பெண்களைத்தான் அதட்டுகிறோம். லேடீஸ் சீட்டில் பாட்டிலை உடைத்துப் போடுகிறவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் காலேஜ் படிக்கிற பெண்ணை எவனாவது பஸ்ஸில் சீண்டினால், "படிச்சது போதும்" என்று அவள் படிப்பைத்தான் நிறுத்துகிறார்கள். அவன் மறுநாளும் அதே பஸ்ஸில் ஜம்மென்று வருவான்.

கதையைக் கேட்ட என் வீட்டுக்காரர், "எங்களை உள்ளே போட்டுட்டா, சில்வர் ஓக்ல ஏணி வச்சு மிளகு யாரு பறிக்கிறது?" என்றார். நியாயம்தான். ஆண்களை அடைத்துப் போடுவதில் எனக்கும் சம்மதமில்லை. அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று, படிக்கிற நேரத்துக்காவது அவர்களுக்கும் தெரியட்டுமே! பையன்கள் இருக்கிற வீட்டிலும் கொடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையைத் தமிழில் நம் இணைப்பிலேயே தொடராகப் போடக்கூடாதா? சின்னக் கதைதான், நாலு வாரத்தில் முடிந்துவிடும்.

- ஒரு வாசகி, ஏற்காடு.